யூரோலீக் பாக்ஸ் ஸ்கோர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஐரோப்பாவின் முதன்மை கிளப் லீக்கான யூரோலீக்கில் கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் வரும் பாக்ஸ் ஸ்கோர் என்ற அந்த நீளமான எண் அட்டவணையைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, 2023 இறுதி ஆட்டத்தின் ஹீரோ ரியல் மாட்ரிட்டின் செர்ஹியோ யுல் என்கிறார்கள். அட்டவணையில் அவருக்கு 2 புள்ளிதான் இருக்கிறது. எங்கோ தப்பா?

தப்பில்லை. கௌனாஸ் நகரில் நடந்த அந்த ஆட்டத்தில் ரியல் மாட்ரிட் 79, ஒலிம்பியாகோஸ் 78. மூன்று நொடி மிச்சமிருக்கும்போது, மலை மாதிரி நின்ற ஒலிம்பியாகோஸின் மூஸ்தஃபா ஃபாலின் கைக்கு மேலே யுல் போட்ட ஷாட்தான் அந்த 2 புள்ளி. மறுபக்கம் சாஷா வெசென்கோவ் 29 புள்ளி எடுத்தும் தோற்றார்.

பாக்ஸ் ஸ்கோரில் நேரம் கிடையாது. இரண்டாவது நிமிடத்தில் போட்டதும் நாற்பதாவது நிமிடத்தில் போட்டதும் அதற்கு ஒன்றுதான். ஒரு வகையில் அது நியாயமும்கூட. ஒரு புள்ளியில் முடிந்த ஆட்டத்தில் எந்தப் புள்ளி முக்கியமில்லை? அன்று மாட்ரிட்டின் செர்ஹியோ ரொட்ரிகேஸ் 15 புள்ளியும் 9 அசிஸ்ட்டும் (சக வீரர் கூடை போட வழி செய்த பாஸ்) எடுத்திருக்காவிட்டால் கடைசி ஷாட்டுக்கே வேலை இருந்திருக்காது.

கேள்வி: அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் பி.ஐ.ஆர். (Performance Index Rating) என்று ஓர் எண் வருகிறதே, அதுதான் வீரரின் மதிப்பெண்ணா?

மதிப்பெண் மாதிரிதான், ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஸ்பெயின் லீக்கில் 1991-ல் தொடங்கிய கணக்கு இது. புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட், ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது), எதிராளியிடம் வாங்கிய ஃபவுல் எல்லாவற்றையும் கூட்டுவார்கள். தவறிய ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பின்றி எறியும் ஷாட்), டர்னோவர் (எறியாமலே பந்தை இழப்பது), தன் ஷாட் பிளாக் ஆனது, தான் செய்த ஃபவுல் ஆகியவற்றைக் கழிப்பார்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 18 ஷாட்டில் 7, ஐந்து ஃப்ரீ த்ரோவில் 4 போட்டு 20 புள்ளி எடுக்கிறார். 2 ரீபவுண்ட், 2 அசிஸ்ட், வாங்கிய ஃபவுல் 4. கூட்டினால் 28. தவறியவை 11-ம் 1-ம், டர்னோவர் 4, செய்த ஃபவுல் 3, பிளாக் ஆனது 1: கழிக்க 20. ஆக, பி.ஐ.ஆர். 8. இன்னொருவர் 5 ஷாட்டில் 4 போட்டு 8 புள்ளிதான். ஆனால் 9 ரீபவுண்ட், 2 அசிஸ்ட், 1 ஸ்டீல், 2 பிளாக், வாங்கிய ஃபவுல் 3. கூட்டினால் 25, ஒரு தவறிய ஷாட், ஒரு டர்னோவர், 2 ஃபவுல் போக 21. யார் பெயர் தலைப்புச் செய்தியில் வரும், யார் அணிக்கு உதவினார் என்று உங்களுக்கே தெரியும். இந்த இடத்தில் பி.ஐ.ஆர். நன்றாகவே வேலை செய்கிறது.

கோளாறு வேறு இடத்தில். தவறிய ஷாட்டுக்கு ஒரே ஒரு புள்ளிதான் கழிவு. நான்கு த்ரீ பாயிண்டர் (தூரத்திலிருந்து எறியும் 3 புள்ளி ஷாட்) எறிந்து ஒன்று உள்ளே போனால் +3, −3, சரிக்குச் சரி. மூன்று டூ பாயிண்டரில் ஒன்று உள்ளே போனாலும் அதே கதை. 25 சதவீத த்ரீ மட்டுமே உள்ளே போடுகிறவரை எந்தக் கோச்சும் விட்டுவைக்க மாட்டார். இந்தக் கணக்கோ அவரைத் தண்டிப்பதே இல்லை. தடுப்பாட்டத்தையும் ஸ்டீல், பிளாக், ரீபவுண்ட், ஃபவுல் தவிர வேறெப்படியும் அளக்காது. ரியல் மாட்ரிட்டின் நெட்டை வீரர் எடி டவாரெஸ் ரிங்குக்குக் கீழே நிற்கிறார் என்பதற்காகவே உள்ளே வராமல் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர்! அது எந்த நெடுவரிசையிலும் ஏறாது.

கேள்வி: அப்போ முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நான் வீரர்களை விட்டுவிட்டு அடியில் இருக்கும் மொத்த வரிசைக்குத்தான் முதலில் போவேன். அணிக்கு எத்தனை முறை பந்து கிடைத்தது என்று கணக்கிடுங்கள்: எறிந்த ஷாட், அதோடு ஃப்ரீ த்ரோவில் 0.44 பங்கு, அதோடு டர்னோவர், அதிலிருந்து அஃபென்ஸ் ரீபவுண்டை (தன் அணியே தவறவிட்ட ஷாட்டைத் திரும்பப் பிடித்தது) கழியுங்கள். 62 ஷாட், 20 ஃப்ரீ த்ரோ, 12 டர்னோவர், 10 அஃபென்ஸ் ரீபவுண்ட் என்றால் 73-ஐ ஒட்டி வரும். அதில் 80 புள்ளி எடுத்திருந்தால் நூறு முறைக்கு 110 என்ற கணக்கு, நல்ல ஆட்டம். அதே 80 புள்ளியை 80 முறையில் எடுத்திருந்தால் சுமார்தான்.

கேள்வி: யூரோலீக் எம்விபி-க்கே (சீசனின் சிறந்த வீரர்) சராசரி 16 புள்ளிதான். அமெரிக்காவின் என்பிஏ லீக்கோடு ஒப்பிட்டால் குறைவாக இல்லையா?

ஆட்டமே 40 நிமிடம், அங்கே 48. ஐந்தாவது ஃபவுலோடு வெளியே; அங்கே ஆறு. கோச்சுகளும் ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். லூகா டொன்சிச் 2017-18-ல் ரியல் மாட்ரிட்டுக்காக 16 புள்ளி சராசரியில் எம்விபி ஆனார். அடுத்த சீசனில் என்பிஏ-வில் 21.2. அதை வைத்து எல்லோருக்கும் கணக்குப் போட முடியாது. மேலே சொன்ன வெசென்கோவ், 2022-23 எம்விபி, என்பிஏ-வின் சாக்ரமெண்டோ அணிக்குப் போனபோது ஐந்து புள்ளியைச் சுற்றித்தான் சராசரி வைத்திருந்தார்.

கேள்வி: யார் பெயரும் இல்லாமல் "அணி" என்ற வரியில் ரீபவுண்ட் இருக்கிறது. யாருடையது அது?

யாருடையதும் இல்லை. தவறிய ஷாட் எதிரணி கையில் பட்டு வெளியே போனால் அணிக்கு ஒரு ரீபவுண்ட். 24 நொடிக்குள் ஷாட் எடுக்காவிட்டால் அணிக்கு ஒரு டர்னோவர்.

கேள்வி: சார், ப்ளஸ்-மைனஸ் நம்பலாமா?

ஒரு ஆட்டத்தை வைத்து வேண்டாம். அவர் களத்தில் இருந்தபோது அணி எத்தனை புள்ளி முன்னே, பின்னே போனது என்பது மட்டும்தான் அது. கூட ஆடிய நான்கு பேர் யார், எதிரே யார் நின்றார்கள் என்று பார்க்காமல் சொல்லிப் பயனில்லை. முழு சீசனுக்கும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் பேசும்.

கேள்வி: ஒரே ஆட்டத்தில் அதிகப் புள்ளி யார்?

2000-ல் தொடங்கிய இப்போதைய யூரோலீக்கில் என்றால், ஃபெனர்பாச்சேயின் நைஜல் ஹேய்ஸ்-டேவிஸ், 2024 மார்ச்சில் ஆல்பா பெர்லினுக்கு எதிராக 50. அதற்கு முன் 2019-ல் ஷேன் லார்கின் 49.

கேள்வி: 9 புள்ளி பின்னால், 5 நொடிதான் இருக்கிறது, தோல்வி உறுதி. அப்போதும் ஏன் விழுந்தடித்து த்ரீ எறிகிறார்கள்? எண் சேர்க்கவா?

சிலர் அப்படியும் செய்வார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலும் காரணம் புள்ளிப் பட்டியல். இரண்டு அணிகள் சம வெற்றியில் நின்றால், அவை தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆளுக்கு ஒன்று ஜெயித்திருந்தால் அந்த இரண்டு ஆட்டத்தின் புள்ளி வித்தியாசம். முதல் ஆட்டத்தை 8 புள்ளியில் ஜெயித்த அணி இதில் 9-ல் தோற்றால் பின்தங்கும். அந்த த்ரீ உள்ளே போனால் 6-ல் தோற்று மேலே நிற்கும்.