ஒரே படைப்புக்கு ஏன் இத்தனை விமர்சன அணுகுமுறைகள்?

விமர்சன அணுகுமுறை என்பது ஒரு படைப்பிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி. கேள்வி மாறினால் கண்ணில் படுவதும் மாறும். பழைய வீடு ஒன்றைப் பொறியாளர் பார்த்தால் சுவரின் விரிசல் தெரியும். வாங்க வந்தவர் அறைகளை எண்ணுவார். அங்கே வளர்ந்தவரோ, தன் உயரத்தைக் குறித்த கதவுக் கீறலைத் தடவிப் பார்ப்பார்.

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஒரு காட்சி. இளவரசன் ஹாம்லெட்டின் தந்தையைக் கொன்ற சிற்றப்பன் மண்டியிட்டு ஜெபிக்கிறான். வாளை உருவிய ஹாம்லெட், வெட்டாமல் விலகிவிடுகிறான். ஜெபத்தின் நடுவே கொன்றால் அவன் சொர்க்கம் போய்விடுவான் என்கிறான். வரலாற்று நோக்கில் வாசிப்பவர் இதை அக்காலச் சமய நம்பிக்கையோடு பொருத்துவார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டோ, ஹாம்லெட்டின் தயக்கத்துக்கு வேறு காரணம் சொன்னார்: தந்தையைக் கொன்று தாயை மணந்த சிற்றப்பன் செய்தது ஹாம்லெட்டின் சொந்த ஆழ்மன ஆசையைத்தான். பெண்ணிய வாசிப்பு ஹாம்லெட் காதலித்த ஒஃபீலியாவிடம் போகிறது. தந்தைக்கும் அண்ணனுக்கும் அடங்கிய அந்தப் பெண், சித்தம் கலங்கிய பிறகுதான் ஏன் தடையின்றிப் பேசுகிறாள்? எனக்கு நாடகத்தையே புதிதாக்கிய கேள்வி இது.

இலக்கியம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. எழுதியவர் அறியாமலே அவர் காலமும் மொழியும் அதில் படிந்துவிடுகின்றன. பல வாசிப்புகளுக்கு இடம் கிடைப்பது அதனால்தான்.

அப்படியானால் எந்தப் பொருளையும் ஏற்றிச் சொல்லலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, எந்த அணுகுமுறையானாலும் படைப்பின் வரிகளிலிருந்தே சான்று காட்டியாக வேண்டும்.