ஓடூல ஒரு மாட்யூல தூக்கப் போனா கூடவே ஒரு குடும்பமே கிளம்புது: அன்இன்ஸ்டால் அழுத்தறதுக்கு முன்னாடி

கேள்வி: ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுல லாரி ஸ்பேர்ஸ் மொத்த வியாபாரம் பண்றோம், குடோன் மாதவரத்துல. பில்லு, ஸ்டாக் எல்லாம் ஓடூ (Odoo) சாஃப்ட்வேர்ல, 17வது வெர்ஷன், இலவசமா கிடைக்கற கம்யூனிட்டி பதிப்பு ஓடுது. அத போட்டுக் குடுத்த தம்பி இப்ப வேற வேலைக்குப் போயிட்டாப்ல. அவர் ஏத்தின வாட்ஸ்அப் பில் ஆட்-ஆன் இப்ப நாங்க யூஸ் பண்றதே இல்ல, எடுத்துடலாம்னு அன்இன்ஸ்டால் குடுத்தா இன்னும் ரெண்டு ஆப் சேந்து போகும், டாக்குமெண்ட்டும் டெலீட் ஆகும்னு ஒரு பெட்டி வருது. ஓகே குடுக்கலாமா? 18க்கு மாறவும் யோசனை இருக்கு.

பதில்: குடுக்காதீங்க சார். அந்தப் பெட்டில ரெண்டு ஆப்னு காட்டுதே, அது கூட முழுக் கணக்கு இல்ல, பெரிய ஆப் மட்டும்தான் அதுல தெரியும், "எல்லாத்தையும் காட்டு"ன்னு ஒரு டிக் இருக்கும் பாருங்க, அத போட்டா பின்னாடி ஒளிஞ்சிருக்கற குட்டி மாட்யூல் (சாஃப்ட்வேரோட ஒவ்வொரு துண்டும் ஒரு மாட்யூல்) எல்லாம் வரிசையா வந்து நிக்கும்.

மொதல்ல இது ஏன் நடக்குதுன்னு சொல்லிடறேன். ஓடூல ஒவ்வொரு மாட்யூல் ஃபோல்டருக்குள்ளயும் மேனிஃபெஸ்ட்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல டிபெண்ட்ஸ்னு ஒரு வரி, "நான் வேல செய்யணும்னா இவங்கெல்லாம் இருக்கணும்"னு பேர் பட்டியல். குடோன்ல அட்டைப்பெட்டி அடுக்கு மாதிரிதான், மேல இருக்கறத எடுத்தா ஒண்ணும் ஆகாது, அடிப்பெட்டிய உருவினா மேல இருக்கறதெல்லாம் சேந்து வரும். இதுல ஆட்டோ இன்ஸ்டால்னு வேற ஒண்ணு இருக்கு, சேல்ஸும் இன்வென்டரியும் ரெண்டும் இருந்தா நடுவுல பாலம் மாதிரி ஒரு மாட்யூல் தானா வந்து உக்காந்துக்கும், நீங்க கேக்கவே வேணாம். அது நல்லதுதான், அத தொடாதீங்க.

உங்க விஷயத்துல எனக்கு இடிக்கறது வேற. வாட்ஸ்அப் பில் அனுப்பறது ஒரு ஓரமான வேல, அது மேல ஏன் இன்னொரு ஆப் நிக்கணும்? இந்த மாதிரி நான் பிரிச்சுப் பாத்த இடத்துல பெரும்பாலும் ஒரே கததான். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு மெஷின் ஷாப், அங்கயும் இதே மாதிரி ஆட்-ஆன். டெவலப்பர் கஸ்டமரோட ரெண்டாவது மொபைல் நம்பரையும் லாரி சர்வீஸ் பேரையும் வைக்க ரெண்டு ஃபீல்ட (தகவல் அடிக்கற கட்டம்) வாட்ஸ்அப் மாட்யூலுக்குள்ளயே போட்டிருந்தாப்ல, அப்ப கைக்கு அதுதான் ஈஸி. ஆறு மாசம் கழிச்சு டெலிவரி சலான் மாட்யூல் எழுதறப்ப லாரி சர்வீஸ் பேர் அதுல பிரிண்ட் ஆகணும், அதனால சலான் மாட்யூல் டிபெண்ட்ஸ்ல வாட்ஸ்அப் பேரையும் சேத்துட்டாங்க. அவ்ளோதான் முடிச்சு. நான் அப்ப அந்தப் பெட்டிய சரியா படிக்காம ஓகே குடுத்துட்டேன், சலானும் போச்சு, அத விட மோசம், கஸ்டமர் கார்டுல அடிச்சு வச்ச லாரி சர்வீஸ் பேர் அத்தனையும் போச்சு. மாட்யூல் போனா அது சேத்த ஃபீல்டோட நெடுவரிசையையும் (column) டேட்டாபேஸ்லேந்து எடுத்துடும், திரும்ப இன்ஸ்டால் பண்ணா கட்டம் வரும், உள்ள காலியா இருக்கும். முந்தின நாள் பேக்கப் இருந்ததால தப்பிச்சேன், அன்னிக்கு அடிச்ச பில்ல மட்டும் மறுபடி உக்காந்து அடிச்சோம்.

அதனால பேக்கப்லேந்து ஆரம்பிங்க. வெறும் டேட்டாபேஸ் டம்ப் மட்டும் எடுத்தா பத்தாது, நீங்க அட்டாச் பண்ண பிடிஎஃப், போட்டோ எல்லாம் ஃபைல்ஸ்டோர்னு தனி ஃபோல்டர்ல கிடக்கும். டேட்டாபேஸ் மேனேஜர்ல ஜிப்பா எடுத்தா ரெண்டும் சேந்து வரும். அப்புறம் அங்கயே டூப்ளிகேட் போடுங்க, போடறப்ப நியூட்ரலைஸ்னு ஒரு டிக் இருக்கும், அத மறக்காம போடுங்க, இல்லன்னா காப்பி டேட்டாபேஸ்லேந்து உண்மையான கஸ்டமருக்கு மெயில் கிளம்பிடும், அப்புறம் போன் மேல போன் வரும்.

இப்ப காப்பில தைரியமா அன்இன்ஸ்டால் குடுத்துப் பாருங்க. என்னென்ன காணாம போகுதுன்னு ஸ்டாஃப கூப்பிட்டு வச்சு ஒரு பில், ஒரு சலான், ஒரு ஸ்டிக்கர் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, நீங்களும் நானும் பாக்கறத விட பில் போடற ஆளுக்குத்தான் எது இல்லன்னு சட்டுனு கண்ல படும்.

உங்ககிட்டயும் அம்பத்தூர் மாதிரி முடிச்சா இருந்தா, அத அவுக்கறது பெரிய வேல இல்ல, தெரிஞ்ச டெவலப்பருக்கு அரை நாள். தனியா ஒரு குட்டி மாட்யூல், அதுல அதே ரெண்டு ஃபீல்ட், டெக்னிக்கல் பேரும் டைப்பும் ஒரு எழுத்து மாறாம. அத இன்ஸ்டால் பண்ணிட்டு, சலான் மாட்யூலோட டிபெண்ட்ஸ்ல வாட்ஸ்அப் பேர எடுத்துட்டு புது மாட்யூல் பேர போட்டு, ஆப் லிஸ்ட்ட அப்டேட் பண்ணி, சலான அப்கிரேட் குடுக்கணும். ஒரு ஃபீல்டுக்கு ரெண்டு மாட்யூல் சொந்தம் கொண்டாடினா ஒண்ணு போனாலும் ஃபீல்ட் போகாது, டேட்டாவும் அப்படியே இருக்கும். ஒரு இடத்துல மட்டும் மாட்டுவீங்க, சலான் ஸ்க்ரீன் வாட்ஸ்அப் ஸ்க்ரீன் மேல ஒட்டி எழுதியிருந்தா எக்ஸ்பாத் (ஸ்க்ரீன்ல எந்த இடம்னு சொல்ற குறிப்பு) கண்டுபிடிக்க முடியலன்னு நீளமா ஒரு செவப்பு எரர் வரும், எந்த ஸ்க்ரீன் மேல ஒட்டணும்னு சொல்ற இன்ஹெரிட் வரியையும் மாத்தணும். இதையும் மொதல்ல காப்பிலதான்.

உண்மைய சொல்லணும்னா இப்ப ஆளே கிடைக்கலன்னா அந்த மாட்யூல் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். தானா ஓடற வேலைங்க பட்டியலான ஷெட்யூல்டு ஆக்‌ஷன்ல அதோட வேலைய ஆஃப் பண்ணிட்டு மெனுவ மறைச்சுட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல.

18 விஷயம். ஓடூ காரங்க சப்போர்ட் குடுக்கறது கடைசி 3 வெர்ஷனுக்கு, வருஷத்துக்கு ஒண்ணு புதுசா வருது, அதனால மாறித்தான் ஆகணும், ஆனா அவசரம் வேணாம். ஓடூவோட சொந்த மாட்யூல் பிரச்சினை பண்ணாது, வெளிலேந்து ஏத்தினதுதான் காலை வாரும். ஸ்க்ரீன் கோட்ல 17ல அட்ரிப்யூட் எழுதற முறைய மாத்தினாங்க, 18ல ட்ரீன்னு இருந்தத லிஸ்ட்னு மாத்திட்டாங்க, அதனால 17க்கு எழுதின மாட்யூல் அப்படியே 18ல ஏறாது, யாராவது உக்காந்து திருத்தணும். ஓசிஏ (ஓடூ கம்யூனிட்டி அசோசியேஷன்) மாட்யூலா இருந்தா, கோட் வைக்கற சைட்டான கிட்ஹப்ல 18.0 பிராஞ்சுக்குள்ள அந்தப் பேர் இருக்கான்னு பாருங்க, இருந்தா பாதி கவலை விட்டுது. தம்பி சொந்தமா எழுதினது எல்லாம் உங்க தலைவலிதான். டேட்டாவ மாத்த ஓசிஏவோட ஓப்பன்அப்கிரேட் இருக்கு, அதுவும் உங்க சொந்த மாட்யூலுக்கு ஒண்ணும் செய்யாது. ஈஆர்பிநெக்ஸ்ட்னு இதே மாதிரி இன்னொரு சாஃப்ட்வேர், அதுலயும் இந்தக் கூத்து உண்டு, 14வது வெர்ஷன்ல சம்பளத்தையும் ஜிஎஸ்டியையும் தனித்தனி ஆப்பா பிரிச்சுட்டாங்க, தெரியாம அப்கிரேட் பண்ணவங்க பேரோல் எங்கன்னு தேடினாங்க.

எந்த நாள்ல பண்றதுன்னும் சொல்லிடறேன். மாசாமாசம் ரிட்டர்ன் போடறவங்கன்னா ஜிஎஸ்டிஆர் 1 பதினொண்ணாம் தேதி, 3பி இருபதாம் தேதி, அதுக்குள்ள சர்வர்ல கைய வச்சா ஆடிட்டர் உங்கள சும்மா விட மாட்டார். 20 தாண்டி வர்ற ஞாயித்துக்கிழம, குடோன் பூட்டினதுக்கு அப்புறம், ஜிப் பேக்கப் பென்டிரைவ்ல ஏறினத கண்ணால பாத்துட்டு ஆரம்பிங்க.