மகளின் வெளிநாட்டு ஆய்வுப் பயிற்சிக்கு நகையைத் திருப்பி வைக்கலாமா?

கேள்வி: நான் ஒரு பாடசாலை ஆசிரியை. கையில் வரும் சம்பளம் 62,000 ரூபாய். கணவருக்குக் கடல் தொழில், கிடைத்தால் உண்டு. மகள் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் மூன்றாம் வருடம் படிக்கிறாள். கொழும்பில் உள்ள ஒரு நிறுவனம் மூலம் ஐரோப்பாவில் 8 வார ஆய்வுப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. நிறுவனத்துக்குக் கட்டணம் 2,400 யூரோ. முற்பணமாக 50,000 ரூபாய் கட்டிவிட்டோம். என் நகை 10 பவுண், வங்கியில் 12 லட்சத்துக்கு 14 வீத வட்டியில் அடைவில் இருக்கிறது. அடுத்த மாதம் தவணை முடிகிறது. தங்கம் ஏறியிருப்பதால் அதே நகையை மீண்டும் அடைவாகத் திருப்பி வைத்தால் 20 லட்சம் வரை தருவார்களாம். கனடாவில் இருக்கும் கணவரின் அண்ணா 5 லட்சம் கடனாகத் தருகிறேன் என்கிறார். "பிள்ளையின் எதிர்காலத்துக்குக் காசு பார்க்கக் கூடாது, போனால் அப்படியே அங்கே நின்று படிக்கலாம்" என்பது அவர் கதை. எனக்கோ நித்திரை வருவதில்லை. என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்: நித்திரை வராதது நல்லதுதான், ரீச்சர். கணக்கு எங்கோ இடிக்கிறது என்று உங்கள் மனதுக்குத் தெரிந்திருக்கிறது. மகளின் பயணத்தைப் பிறகு பார்ப்போம். "திருப்பி வைத்தால்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைக் கதைக்க வேண்டும்.

அடைவு என்றால் என்ன, வட்டி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்த கணக்கையே வரிசையாக வைக்கிறேன், பாருங்கள்.

முதல் வருடம் 10 பவுணையும் வைத்து 8 லட்சம் எடுத்தீர்கள். கூரை வேலையும் மகனின் மோட்டார் சைக்கிளும் முடிந்தன. வருடம் முடிந்தபோது வட்டி மட்டும் 1 லட்சத்து 12 ஆயிரம். அதைக் கையிலிருந்து கட்டவில்லை. தங்கம் ஏறியிருந்ததால் அதே நகையை 12 லட்சத்துக்குத் திருப்பி வைத்தீர்கள். பழைய கடனும் வட்டியும் அதிலேயே கழிந்து கையில் 2 லட்சத்து 88 ஆயிரம் வந்தது. அது மச்சாளின் மகளின் சாமத்திய வீட்டோடு போய்விட்டது. இப்போது மூன்றாவது தடவை. 20 லட்சத்துக்கு வைத்தால் பழைய கடனுக்கு 12 லட்சம், வட்டிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் போக, உங்கள் கைக்கு வருவது 6 லட்சத்து 32 ஆயிரம்.

மூன்று தடவையும் சேர்த்து உங்கள் கைக்கு வந்தது 17 லட்சத்து 20 ஆயிரம். கடனோ 20 லட்சம். இடையில் ஒரு நாளாவது வட்டி கட்டிய மாதிரி உங்களுக்குத் தோன்றியிருக்காது, ஏனென்றால் பர்ஸிலிருந்து ஒரு தாளும் வெளியே போகவில்லை. இந்தப் பழக்கம் பொல்லாதது என்று நான் சொல்வது இதனால்தான். அடுத்த வருட வட்டி 2 லட்சத்து 80 ஆயிரம். மாதக் கணக்கில் 23 ஆயிரம் சொச்சம், அதாவது உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வாங்கிய கடன் தொகையில் ஒரு சதமும் குறையாது.

"தங்கம் ஏறிக்கொண்டுதானே இருக்கு" என்று சொல்ல ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 2013 ஐ அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். அந்த ஒரே வருடத்தில் உலகச் சந்தையில் தங்கம் நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. உச்ச விலையில் அடைவு வைத்திருந்த பலர் மீட்க வரவேயில்லை. நகை ஏலத்துக்குப் போனது, வங்கிகளும் அடி வாங்கின. விலை இறங்கினால் கூட்டித் திருப்பி வைக்கும் வழி அடைபடும். வட்டி முழுவதையும் அன்றைக்குக் கையிலிருந்துதான் எண்ணி வைக்க வேண்டும்.

சரி, இனிப் பயணத்துக்கு வருவோம். நகையிலிருந்து 6.32 லட்சம், பெரியப்பாவின் 5 லட்சம், ஆக 11.32 லட்சம். யூரோவை 350 ரூபாய் என்று பிடித்தால் நிறுவனத்தின் கட்டணம் 8.4 லட்சம். போகவர விமானச் சீட்டு ஏறக்குறைய 2.5 லட்சம். காசு மட்டுமட்டாகப் போதும் என்று நினைத்திருக்கிறீர்கள். ஆனால் நிறுவனத்தின் தாளில் கீழே சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது? தங்குமிடமும் சாப்பாடும் கட்டணத்தில் சேராது. வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாவற்றுக்கும் மாதம் 1,000 யூரோ என்று சிக்கனமாகப் பிடித்தாலும் 8 வாரத்துக்கு 7 லட்சம். வீசாவுக்கு 90 யூரோ, காப்புறுதி, கொழும்புக்குப் போய்வரும் செலவு என்று இன்னுமொரு 60 ஆயிரம். மொத்தம் 18.5 லட்சம். கட்டிவிட்ட முற்பணத்தைக் கழித்தாலும் துண்டு விழுவது 7 லட்சம் அளவு.

இந்த 7 லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்குக் கொடுக்கிறவரிடம்தான் போவீர்கள், வேறு வழி இருக்காது. அந்த வட்டி மாதம் 35 ஆயிரம். அடைவு வட்டியோடு கூட்டினால் 58 ஆயிரம். சம்பளத்தில் மிச்சம் 4 ஆயிரம். பெரியப்பாவுக்குத் திருப்ப வேண்டியதை நான் இன்னும் கணக்கில் எடுக்கவேயில்லை.

இவ்வளவும் எதற்காக? நீங்கள் அனுப்பிய அனுமதிக் கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேராசிரியரின் பெயர் இல்லை. ஆய்வுகூடத்தின் பெயரும் இல்லை. ஆய்வுத் தலைப்பு வர வேண்டிய இடத்தில் "மாணவரின் விருப்பத்துக்கு ஏற்ப" என்று இருக்கிறது. கையொப்பம் போட்டிருப்பவர் நிறுவனத்தின் "நிகழ்ச்சி இணைப்பாளர்", பல்கலைக்கழகத்து ஆள் ஒருவரும் இல்லை. வங்கிக் கணக்கு இலக்கம் மட்டும் கொட்டை எழுத்தில் மூன்று இடத்தில் இருக்கிறது. வீசா மறுக்கப்பட்டால் கட்டணம் திருப்பித் தரப்படாது என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். சான்றிதழும் பரிந்துரைக் கடிதமும் சேர்த்து ஒரே பொதியாக, இலகு தவணையில் விற்கிற இந்த வியாபாரம் இப்போது நன்றாக ஓடுகிறது. எந்தக் கடிதத்தையும் காசு கொடுத்து வாங்கலாம் என்றால் அதை வாசிக்கிற பேராசிரியருக்கும் அது தெரியாமல் இருக்குமா?

உண்மையான ஆய்வுப் பயிற்சியில் காசு பெரும்பாலும் எதிர்ப்பக்கமாக ஓடும். மாணவரை அழைக்கிற இடம் மாணவருக்குக் கொடுக்கும். சவூதியில் உள்ள கவுஸ்ட் பல்கலைக்கழகத்தின் வருகை மாணவர் ஆய்வுத் திட்டத்தில் 3 முதல் 6 மாதம் வரை வேலை, மாதம் 1,000 டொலர் கொடுப்பனவு, தங்குமிடமும் விமானச் சீட்டும் அவர்கள் செலவு. புள்ளிச் சராசரி 3.5 க்குக் குறையாமல் கேட்பார்கள். ஜப்பானில் ஒக்கினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவகம் எந்த நாட்டு மாணவரையும் எடுக்கும். பயணச் செலவு, தங்குமிடம், நாளாந்தக் கொடுப்பனவு எல்லாம் உண்டு. ஆஸ்திரியாவின் விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவகத்தில் கோடைக்காலப் பயிற்சி இருக்கிறது, அதற்கும் உதவித்தொகை உண்டு. ஜெனீவாவில் சேர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுகூடம் உறுப்பு நாடு அல்லாத நாடுகளிலிருந்தும் கோடை மாணவர்களை எடுக்கிறது, கணினி படிக்கிறவர்களும் போடலாம். இவற்றில் எதற்கும் முகவர் தேவையில்லை. மகள் தானே இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

இப்படியான திட்டங்களின் பட்டியலைப் பார்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். பெயர் பெரிதாக இருக்கும், ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் ரைஸ் திட்டம் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து மாணவர்களுக்கானது. அதே அமைப்பின் வைஸ் திட்டம் இந்தியாவில் படிக்கிறவர்களுக்கு. கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் ஆய்வுப் பயிற்சித் திட்டம் தனக்கென்று ஒரு நாட்டுப் பட்டியல் வைத்திருக்கிறது. இந்தியாவில் எழுதப்பட்ட வழிகாட்டிகளை வாசித்துவிட்டு நம் பிள்ளைகள் நாட்கணக்கில் மினக்கெடுவது இந்த இடத்தில்தான்.

கடல் கடக்காமலே செய்யக்கூடியதும் இருக்கிறது. கூகுள் சம்மர் ஒஃப் கோட் வீட்டிலிருந்தே திறந்த மூல மென்பொருளில் வேலை செய்யும் திட்டம், கொடுப்பனவு டொலரில் வரும். மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் அதில் பல வருடங்கள் உலகத்திலேயே முன்னணியில் நின்றவர்கள். கோணேசபுரியில் இருந்து போட முடியாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துக்கும் பயிற்சி கேட்டு எழுதலாம், பஸ் காசோடு முடிந்துவிடும். அங்கே கூட வேலை செய்கிற ஒரு ஆய்வாளர் மனம் வைத்து எழுதித் தரும் கடிதம் 2,400 யூரோப் பொதியில் வருவதை விட எத்தனையோ மடங்கு பெறும்.

போட்டி கடுமைதான். நான்கு இடத்துக்குப் போட்டு நான்கும் கிடைக்காமல் போகலாம். அப்படிப் போனாலும் நட்டம் மகளின் சில மாலை நேரங்கள் மட்டும். இப்போதே விரிவுரையாளர் இருவரிடம் பரிந்துரைக் கடிதத்துக்குச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள், கடைசிக் கிழமையில் போய் நின்றால் யாரும் வடிவாக எழுதித் தர மாட்டார்கள்.

"அப்படியே நின்று படிக்கலாம்" என்ற பெரியப்பாவின் கதையையும் விட்டுவிட முடியாது. நிறுவனம் சொல்லியிருப்பது குறுகிய கால ஷெங்கன் வீசா. 180 நாளில் 90 நாள்தான் அதில் நிற்கலாம். அதை மீறி ஒரு பிள்ளை நின்றுவிட்டால், நாளைக்கு உண்மையான மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் போன காலமும் வழியும் வேறு.

அவருடைய 5 லட்சம் உங்களுக்கு உதவும், ஆனால் வேறு விதமாக. உங்கள் நகை இரண்டு அடைவுத் துண்டில் இருக்கிறது: 4 பவுண் 4.8 லட்சத்துக்கு, 6 பவுண் 7.2 லட்சத்துக்கு. உங்கள் கணவரே அண்ணாவோடு கதைக்கட்டும். "அண்ணா, இந்தக் காசை இரண்டு கிழமைக்கு மட்டும் தாருங்கள், நகையை மீட்டு விற்றுவிட்டுத் திருப்பித் தருகிறேன்" என்று சொல்லட்டும்.

4 பவுண் துண்டை மீட்க வட்டியோடு 5.47 லட்சம் வேண்டும். அண்ணாவின் 5 லட்சம் போக மிச்சம் 47 ஆயிரத்தை நீங்கள் போடுகிறீர்கள். பவுண் 3 லட்சம் என்று குறைத்தே பிடிக்கிறேன், பழைய நகைக்குத் தேய்மானம் கழித்து 2.8 லட்சம் கிடைத்தாலும் 4 பவுணுக்கு 11.2 லட்சம். அண்ணாவுக்கு 5 லட்சத்தைக் கொடுத்து, உங்கள் 47 ஆயிரத்தையும் எடுத்தால் 5.73 லட்சம் மிஞ்சும். இரண்டாவது துண்டுக்கு முதலும் வட்டியும் 8.2 லட்சம். குறைவது 2.5 லட்சம் அளவு. அதற்கு 6 பவுணும் வங்கியில் கிடக்கத் தேவையில்லை, 2 பவுணை மட்டும் வைத்தால் தாராளமாகப் போதும். 4 பவுண் அன்றைக்கே வீட்டுக்கு வரும். இதுவும் திருப்பி வைப்பதுதான், ஆனால் கடன் 12 லட்சத்திலிருந்து 2.5 லட்சத்துக்கு இறங்குகிறது. வட்டிக்கு மட்டும் போகவிருந்த அந்த 23 ஆயிரத்தை மாதாமாதம் இதற்குக் கட்டினால் ஒரு வருடத்துக்குள் அதுவும் மீண்டுவிடும்.

நகையை விற்பதா என்று உங்களுக்கு மனம் கூசும், தெரியும். ஆனால் முதல் தடவை வைத்த நாளிலிருந்து அந்த நகையை நீங்கள் கழுத்தில் போட்டதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தாலிக்கொடி எந்தத் துண்டில் இருக்கிறது என்று பாருங்கள். விற்கப் போகிற 4 பவுணில் அது இருந்தால், அதை ஒதுக்கிவிட்டு மற்றத் துண்டிலிருந்து காப்பையோ சங்கிலியையோ விற்கும்படி ஒழுங்கை மாற்றிக்கொள்ளுங்கள். கல் வைத்த நகையை விற்க வேண்டாம், கல்லின் நிறையைக் கழித்துவிடுவார்கள். விற்கும்போது ஒரு கடையோடு நிற்காமல் இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள்.

வங்கிக்குத் தவணை முடிகிற திகதிக்கு முதலே போங்கள். கவுண்டரில் இருப்பவர் எவ்வளவு கூட்டித் தரலாம் என்று தானாகவே சொல்லத் தொடங்குவார். அதை விட்டுவிட்டு, துண்டு துண்டாக இன்றைக்கு மீட்டால் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நான் மேலே போட்டது ஒரு வருட வட்டிக் கணக்கு, சரியான தொகை சில ஆயிரம் கூடக் குறைய இருக்கும்.

கட்டிவிட்ட 50,000 ரூபாயைத் திருப்பித் தரும்படி நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பேராசிரியரின் பெயரும் ஆய்வுகூடத்தின் பெயரும் கடிதத்தில் இல்லை என்பதையே காரணமாகக் காட்டுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியை வைத்துக்கொண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் முறைப்பாடு செய்யலாம். அது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, "கட்டின முற்பணம் வீணாகப் போகுதே" என்று சொல்லி இரண்டாவது தவணையைக் கட்ட வைக்கத்தான் அவர்கள் தொலைபேசி எடுப்பார்கள். அந்த அழைப்புக்கு மகளைப் பதில் சொல்ல விடாமல் நீங்களே எடுங்கள்.