இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கூடக் கை வரவில்லை

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 44 வயது. கல்யாணம் செய்யவில்லை. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் அம்மாவோடு வாடகைக்கு இருக்கிறேன். கணக்காளர் வேலை, வருமானத்தில் குறையில்லை. போன மாதம் வீட்டுக்காரர் வந்து, "தங்கச்சி, ஒன்றில் வீட்டை வாங்குங்கோ, உங்களிட்டத்தான் முதலில் கேட்கிறேன். இல்லையெண்டால் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதுவம். இப்படி வருஷா வருஷம் இழுபட என்னால் ஏலாது" என்றார். மார்கழிக்குள் பதில் வேண்டுமாம். வாங்குவது பெரிய விஷயம், அதற்கு யோசிப்பது நியாயம். ஆனால் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக்கூட எனக்குக் கை வரவில்லை. இரவில் விடிய இரண்டு மூன்று மணி வரைக்கும் நித்திரை இல்லை.

கொக்குவிலில் பிறந்தவள் நான். 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டைக்காக யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பிப் போனபோது எனக்கு 14 வயது. நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாக நடந்தோம். கொடிகாமம், கிளிநொச்சி, மல்லாவி, வவுனியா. அப்பாவை வவுனியாவில் இழந்தோம். அப்புறம் கொழும்பு, படிக்கச் சென்னை, திரும்பவும் கொழும்பு, வேலைக்கு டோஹா, மாலைதீவு, இப்போது மறுபடியும் கொழும்பு. முதலில் ஓடவேண்டியிருந்ததால் ஓடினேன். பிறகு யாரும் துரத்தாமலே ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். எந்த இடத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் எழுதியதில்லை. இந்த வீட்டு ஜன்னல் சீலைகூட வீட்டுக்காரருடையதுதான். நிறம் பிடிக்கவில்லை, மாற்றவும் இல்லை. வாக்காளர் பதிவு இன்னும் கொக்குவிலில்.

அம்மாவுக்கு 74. கொழும்பில் வீடு வாங்குவது அவருக்குப் பிடிக்காது. 83 கலவரத்தில் மாமா குடும்பம் உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியதை இன்றைக்கும் சொல்வார். எனக்கும் ஒன்று இருக்கிறது. 2007 யூனில் இங்கே லொட்ஜ்களில் இருந்த எங்கட தமிழ் ஆட்களைப் பொலிசார் விடியப்புறம் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நான் லொட்ஜில் இருக்கவில்லை, இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு அறையில் இருந்தேன். அன்றைக்குப் பகல் முழுக்கச் செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் இருந்தது ஞாபகம்.

கொக்குவில் வீடு அம்மாவின் சீதன வீடு. எனக்குச் சீதனமாகத் தர வைத்திருந்தது, அந்தக் கதை நடக்கவில்லை. இரண்டு பரப்பு வளவு, கிணறு, பின்னால் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். வளவை ஒருவர் பார்த்துக்கொள்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் இங்கேயே இருந்துவிடலாமே என்று தோன்றும். கொழும்புக்கு இரவு பஸ் ஏறினதும் அது மறைந்துவிடும். வேலையும் பாதிக்கு மேல் வீட்டிலிருந்தே செய்யலாம், அதனால் அந்தச் சாட்டும் இல்லை.

கனடாவில் இருக்கும் அண்ணா, அம்மாவை சூப்பர் விசாவில் (பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்கப் பெற்றோருக்குக் கனடா கொடுக்கும் விசா) அனுப்பு, நீயும் பிறகு வரப் பார் என்கிறார். இல்லையென்றால் இந்த ஃபிளாட்டை இரண்டு பேரும் சேர்ந்து வாங்குவோம் என்கிறார்.

இங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. சனிக்கிழமை தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போவேன். மூன்றாம் மாடியில் ஒரு சிங்கள அன்ரி இருக்கிறார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனபோது எங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. அம்மா கிளினிக் போய்வந்து படியேற முடியாமல் மூன்றாம் மாடிப் படியில் இருந்துவிட்டார். அந்த அன்ரி பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, காஸ் இல்லாத நேரத்திலும் எங்கேயோ தண்ணீர் சுடவைத்துப் பிளேன்டீ கொடுத்தார். அந்தக் கதிரை இன்னும் அந்தப் படித்தட்டில்தான் இருக்கிறது. அம்மா ஏறும்போது அதில் இருந்து, அன்ரியோடு அரைகுறைச் சிங்களத்தில் கதைத்துவிட்டுத்தான் மேலே வருவார். மீன்காரர், அம்மாவுக்கு விளைமீன் வந்தால் கீழே நின்று கூப்பிடுவார். இவ்வளவுதான்.

அம்மாவிடம் எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டால், "உன்ர விருப்பம் பிள்ளை" என்பார். என் விருப்பம் என்னவென்றுதான் எனக்குத் தெரியவில்லை. ஒரு இடத்தில் வேர் பிடிக்க முடியாத ஆளாக ஆகிவிட்டேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கொழும்பு 06

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இல்லை. 14 வயதில் ஒரே இரவில் வீட்டை விட்டு நடந்த பிள்ளை, எப்போதும் கிளம்பத் தயாராக இருக்கப் பழகியது புத்திசாலித்தனம். அந்தப் பழக்கம் உங்களை எத்தனையோ இடத்தில் காப்பாற்றியிருக்கும். அம்மாவின் 83ஐயும் உங்களுடைய 2007ஐயும் வெறும் மனப்பயம் என்று தள்ளவும் நான் தயாரில்லை. இரண்டும் நடந்தவை. இந்த நகரத்தில் எங்கள் வீடுகள் பலவற்றில் காணி உறுதி, அடையாள அட்டை, நகை எல்லாம் ஒரே பைக்குள் இருப்பது உங்களுக்கும் தெரியும்.

ஆனால் அந்தப் பயம் எதில் நியாயம், எதில் இல்லை என்று பிரித்துப் பார்க்கவேண்டும். கோடிக்கணக்கில் போட்டு வீடு வாங்கத் தயங்குவது ஒன்று. வாடகை ஒப்பந்தத்தை இரண்டு வருடமாக்கத் தயங்குவது வேறொன்று. கலவரம் வந்தால் ஒரு வருட ஒப்பந்தம் உங்களைக் காப்பாற்றப் போவதில்லை, இரண்டு வருட ஒப்பந்தம் பிடித்து வைக்கப் போவதுமில்லை. நட்டப்பட்டால் முற்பணத்தில் ஒரு பகுதி. ஆகவே அந்தக் கையெழுத்தில் உங்களைத் தடுப்பது ஆபத்து அல்ல. "இங்கேதான் இருக்கிறேன்" என்று ஒரு தாளில் ஒத்துக்கொள்வது, அதுதான் தடுக்கிறது என்று நினைக்கிறேன்.

வாங்கும் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். இப்போது வாங்க வேண்டாம். நித்திரை இல்லாதவர் பெரிய கடன் எழுதக்கூடாது என்பது என் கட்சி. அண்ணாவோடு சேர்ந்து வாங்குவதில் வேறு சிக்கலும் இருக்கிறது. அவர் இலங்கைக் குடியுரிமையை விட்டுக் கனடியக் குடியுரிமை மட்டும் வைத்திருந்தால், வெளிநாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அவரை வெளிநாட்டவராகவே பார்க்கும். தொடர்மாடியில் நாலாம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள வீட்டை அவர் வாங்கலாம், ஆனால் பணம் வரவேண்டிய முறைக்கும் நிபந்தனை உண்டு. இரட்டைக் குடியுரிமை இருந்தால் கதை வேறு. ஒரு சட்டத்தரணியிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள். அண்ணா போன் எடுத்ததும் வீட்டு உறுதிப் பத்திரத்தைப் பற்றிப் பேசுவார், நீங்கள் மனதைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டையும் ஒரே தொலைபேசி அழைப்பில் தீர்க்கப் பார்க்க வேண்டாம்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இரண்டு தரம் வாசித்தேன். கொக்குவிலைப் பற்றி எழுதிய இடத்தில் கிணறு இருக்கிறது, மாமரம் இருக்கிறது, பரப்புக் கணக்கு இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒரு மனிதர்கூட இல்லை. வளவைப் பார்ப்பவர்கூட "ஒருவர்" தான். கனடாவில் அண்ணாவின் குரல் மட்டும். "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று தொடங்கிய பத்தியிலோ அன்ரி இருக்கிறார், மீன்காரர் இருக்கிறார், சனிக்கிழமை இருக்கிறது, படித்தட்டில் அம்மாவுக்கென்று ஒரு கதிரை இருக்கிறது. யாரோ ஒருவர் உங்கள் அம்மாவுக்கு எந்த மீன் பிடிக்கும் என்று தெரிந்து கீழே நின்று கூப்பிடுகிறார். நீங்கள் ஜன்னல் சீலையைத்தான் மாற்றவில்லை. மற்றபடி இந்த இடத்தில் நிறையக் கலந்துவிட்டீர்கள்.

நானும் கொழும்பில் இருப்பவன், அதனால் என் கண்ணுக்கு இது கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம். அதைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

கொக்குவிலை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அதைத் திருவிழாவில் மட்டும் பார்க்கிறீர்கள். நல்லூரின் 25 நாளும் யாழ்ப்பாணத்துக்கு வந்து போகிறவர்கள் எல்லோருக்கும் அங்கேயே இருந்துவிடலாம் போலத்தான் இருக்கும். சொந்தக்காரர் எல்லோரும் வந்திருப்பார்கள், பின்னேரம் வீதியில் சனம், ஐஸ்கிரீம் கடையில் இடம் இருக்காது. தேர் முடிந்து இரண்டு கிழமையில் வெளிநாட்டுக்காரர் எல்லாம் பிளேன் ஏறிவிடுவார்கள். ஊரைப் பார்ப்பதென்றால் கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். வாடைக்காற்று மழையில் ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும், பின்னேரம் ஆறரைக்கே இருட்டிவிடும், படலையைத் தட்ட ஆள் இருக்காது. அங்கேயிருந்தே வேலை செய்துகொண்டு ஒரு மாதம் இருங்கள். பத்தாவது நாள் வாக்கில், அம்மாவுக்கு நெஞ்சு நோகுது என்றால் யாருக்கு முதலில் போன் எடுப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். யாழ். போதனா வைத்தியசாலை கிட்டத்தான், வாகனத்தோடு வந்து நிற்பவர் யார் என்பதுதான் விஷயம். அந்தப் பெயர் கிடைத்தால், கொக்குவில் உண்மையான தெரிவு. கிடைக்காவிட்டால் அது இப்போதைக்கு நல்லதொரு விடுமுறை வீடு. அதற்கு, வளவைப் பார்ப்பவருக்கு மாதச் சம்பளமும் கூரைக்கு ஓடு மாற்றுவதும் போதும்.

இன்னொன்றையும் கேட்கவேண்டும். "அந்தக் கதை நடக்கவில்லை" என்று ஒரு வரியோடு தாண்டிவிட்டீர்கள். அந்த வீடு உங்கள் கல்யாணத்துக்கென்று வைக்கப்பட்டது. கல்யாணம் நடக்கவில்லை, அதனால் வீட்டுக்கும் உரிமை இல்லை என்று உள்ளுக்குள் எங்கேயாவது ஒரு எண்ணம் இருக்கிறதா? ஊருக்குத் தனியாகத் திரும்பிப்போனால் சனம் என்ன கேட்கும் என்ற கூச்சமா? திருவிழாக் கூட்டத்துக்குள் அந்தக் கேள்விகள் தொலைந்துபோகும், மற்ற நாளில் ஒவ்வொரு படலையிலும் கேட்பார்கள். இது என் ஊகம் மட்டும்தான். பிழையென்றால் விட்டுவிடுங்கள். சரியென்றால், நீங்கள் இடத்தைத் தெரிவு செய்வதாக நினைத்துக்கொண்டு வேறொரு பழைய விஷயத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள். அதை யாரோடாவது நேரே இருந்து கதைப்பது நல்லது.

உளவியலில் எனக்குப் பிடித்த ஒரு பரிசோதனை உண்டு. டேனியல் கில்பர்ட், ஜேன் ஈபர்ட் என்ற இருவர் 2002இல் வெளியிட்டது. ஹார்வர்ட் மாணவர்களுக்குப் புகைப்படக் கலை சொல்லிக்கொடுத்து, அவர்கள் எடுத்த நல்ல படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு பகுதியினரிடம், சில நாளுக்குள் மனம் மாறினால் மற்றப் படத்தோடு மாற்றலாம் என்றார்கள். மற்றவர்களிடம், தெரிவு செய்தது செய்ததுதான், மாற்ற முடியாது என்றார்கள். பிற்பாடு கேட்டபோது, மாற்ற வழியில்லாதவர்களுக்குத்தான் தங்கள் படம் கூடுதலாகப் பிடித்திருந்தது. மாற்றலாம் என்றிருந்தவர்கள் இதுவா அதுவா என்று ஊசலாடிக்கொண்டே இருந்திருக்கலாம். இத்தனைக்கும், எந்த ஏற்பாடு வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலானோர் மாற்றக்கூடியதைத்தான் விரும்பினார்கள்.

அது புகைப்படம், இது வாழ்க்கை. பாதுகாப்புக்காக ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பதை இந்தப் பரிசோதனை தப்பென்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் நித்திரை எங்கே போகிறது என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மார்கழியில் டோஹாவா, கொக்குவிலா, கனடாவா என்று முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். இரண்டு வருடம் எழுதினால் ஒரு மார்கழியாவது மிச்சம்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு மாத முன்னறிவித்தலோடு விலகலாம் என்று ஒரு வரி சேர்க்க வீட்டுக்காரரைக் கேளுங்கள். வருஷா வருஷம் இழுபடுவதுதான் அவருக்குச் சலிப்பு, இதற்கு அநேகமாக ஒத்துக்கொள்வார். உங்கள் பழைய பயத்துக்கு அந்த ஒரு வரி போதும். இது வாழ்நாள் முடிவு அல்ல. இரண்டு வருடத்துக்கு இந்தக் கேள்வியைத் திறப்பதில்லை என்று மட்டும் உங்களோடு நீங்களே ஒத்துக்கொள்ளுங்கள். அண்ணா கேட்டாலும் அதே பதில்: "இரண்டு வருடம் கழித்துக் கதைப்பம்." ஜன்னல் சீலையை மாற்றுங்கள். வாக்காளர் பதிவை மாற்றுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், அதில் அரசியலும் ஊர்ப்பாசமும் கலந்திருக்கும், நான் தலையிட மாட்டேன்.

அம்மாவிடம் எங்கே இருக்க விருப்பம் என்று இனிக் கேட்காதீர்கள். எங்கள் தாய்மார் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லமாட்டார்கள், பிள்ளைக்குப் பாரமாகிவிடும் என்ற பயம். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். இந்தக் கிழமை யார் யாரோடு கதைத்தீர்கள்? அண்ணா வீட்டுக்குப் போனால் காலையில் எல்லோரும் வேலைக்குப் போனபிறகு என்ன செய்வீர்கள்? சூப்பர் விசாவில் இப்போது ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை இருக்கலாம். 74 வயதில், கதவைத் திறந்தால் தெரிந்த முகம் இல்லாத இடத்தில் ஐந்து வருடம் என்பது நீளம். ஆறு மாதம் பேரப்பிள்ளைகளோடு இருந்து வருவது வேறு விஷயம், அதற்கு ஆசைப்பட்டால் அனுப்புங்கள். அம்மா எங்கே இருப்பார் என்பதையும் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார் அண்ணா. அதை அவிழ்க்கலாம்.

நித்திரையைப் பற்றி: ஒப்பந்தம் எழுதிய பிறகும் இரண்டு மூன்று கிழமைக்கு மேல் இப்படியே போனால் ஒரு வைத்தியரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். இரவில் மனம் மிகவும் பாரமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கார்த்திகையில் கொக்குவில் போவதானால், போய்வந்து எழுதுங்கள். மழையில் அந்த வீடு எங்கெங்கே ஒழுகியது, யார் வந்து பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்