பயோடெக்னாலஜி என்றால் மரபணு மாற்றுப் பயிர்தானா? கடலூர் விவசாயிக்கு அதில் என்ன லாபம்?
அது மட்டும் இல்லை. நம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக்குத் தோதான சி.ஆர். 1009 சப்-1 நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்த, வெள்ளத்தைத் தாங்க வைக்கும் சப்1ஏ மரபணுவை 2006-இல் அடையாளம் கண்டார்கள். அப்புறம் வழக்கமான கலப்பினச் சேர்க்கைதான். எந்த நாற்றில் அது இறங்கியிருக்கிறது என்பதை மட்டும் டிஎன்ஏ பார்த்துப் பொறுக்கினார்கள்.

மற்ற நெல் தண்ணீரில் மூழ்கினால் தலையை வெளியே நீட்டப் பார்த்து, வளர்ந்து வளர்ந்தே சேமித்த சத்தைத் தீர்த்துவிடும். இது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா கிடக்கும்; வெள்ளம் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். ஆனால் கதிர் முற்றி நிற்கும்போது மூழ்கினால் இதுவும் போச்சு!

மாட்டுக்கா? பாலினம் பிரித்த விந்தணு கொண்ட சினை ஊசி இருக்கிறது. பெரும்பாலும் கிடாரிக் கன்றுதான் பிறக்கும்.