வீட்டில் பன்றிக்கறி ஸ்டிர்-ஃப்ரை செய்தால் தண்ணீர் விட்டு, கறி ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறதே, ஏன்?

அரைக் கிலோ கறியையும் காய்களையும் ஒன்றாகப் போட்டு வதக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். நானும் வெகுநாள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். சீன உணவகத்து அடுப்பு நம் வீட்டு காஸ் அடுப்பைவிடப் பல மடங்கு வேகமாக எரியும். எவ்வளவு கொட்டினாலும் சட்டி சூடு இறங்காது. நம் சட்டி உடனே ஆறிவிடும். கறி போட்டதும் எழும் ‘சுர்ர்’ சத்தம் அடங்கி, கொதிக்கிற சத்தம் வந்தால், கறி தன் சாற்றிலேயே வேகிறது என்று அர்த்தம்.

அதனால் ஒரு தடவைக்கு 250 கிராம் போதும். கொழுப்பில்லாத முதுகுக் கறியாகக் கேட்டு வாங்குங்கள். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கத்திக்கு வாகாக இறுகும். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்குங்கள். நார் நீளமாக இருந்தால் என்ன செய்தாலும் சவக்சவக்கென்றுதான் இருக்கும்.

அடுத்ததுதான் முக்கியம். இரண்டு டீஸ்பூன் சோயா சாஸ், இரண்டு டீஸ்பூன் தண்ணீர் விட்டு, கறி அதைக் குடிக்கும்வரை விரலால் பிசையுங்கள். கிண்ணத்தின் அடியில் ஈரம் நிற்கக்கூடாது. பிறகு ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார், ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்துக் கால் மணி நேரம் வையுங்கள். அந்த மாவுதான் கறியின் சாற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும்.

இரும்பு வாணலி லேசாகப் புகையட்டும். கடலை எண்ணெய் விட்டுக் கறியைப் பரப்பி, அரை நிமிடம் கிளறாமல் விடுங்கள். ஒரு பக்கம் சிவந்ததும் புரட்டி, முக்கால் பதம் வெந்ததும் ஒரு தட்டில் எடுத்துவிடுங்கள்.

அதே சட்டியில் இஞ்சி, பூண்டு, பிறகு கேரட், பீன்ஸ், கடைசியில் குடைமிளகாய். காய்களைக் கழுவி நன்றாகத் துடைத்திருக்க வேண்டும். உப்பை முன்னாலேயே போட்டால் காய் தண்ணீர் விடும். இரண்டு மூன்று நிமிடத்தில் கறியைத் திருப்பிப் போட்டு, ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், அரை டீஸ்பூன் சர்க்கரை, மிளகுத்தூள். தடித்த துண்டு ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். பன்றிக்கறி என்பதால் உள்ளே சிவப்பே இல்லாமல் வெந்திருக்க வேண்டும்.

சீனச் சமையலில் இறக்கியதும் சில சொட்டு எள்ளெண்ணெய் விடுவார்கள். அது வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெயில் அந்த வாசனை வராது, அதற்குப் பதில் வெங்காயத்தாள் தூவினாலே எனக்குப் போதும்.

வீட்டில் நான்கு பேர் என்றால் இதையே இரண்டு தடவை செய்வேன். முதல் தட்டு சூடாகச் சோற்றோடு மேசைக்குப் போகும்போது, அடுப்பில் சட்டி மறுபடி காய்ந்துகொண்டிருக்கும்.