தலைமையாசிரியர் ஓய்வுபெற்ற பிறகு பள்ளியில் வந்த மாற்றம் நிலைக்குமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் தலைமையாசிரியர் இந்த ஆண்டு இறுதியில் ஓய்வுபெறுகிறார். அவர் தொடங்கிய தினசரி வாசிப்பு நேரமும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் அவரோடு நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன். இதற்கிடையில், "உங்களுக்கு வேண்டிய ஆளையே கொண்டுவந்து தருகிறேன், செலவு மட்டும் ஆகும்" என்று ஒருவர் அணுகுகிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் அச்சம் நியாயமானது. 2021ஆம் ஆண்டின் பிர்ல்ஸ் பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் பொருளுணர்ந்து படிக்கும் நிலையை எட்டவில்லை. 2016இல் இது 78 விழுக்காடாக இருந்தது. இந்த நிலையில், ஒழுங்காக நடக்கும் ஒரு வாசிப்பு நேரத்தை இழப்பது சிறிய இழப்பாகாது.

உங்கள் தலைமையாசிரியர் பணியில் இருக்கும்போதே அந்த வாசிப்பு நேரத்தின் பொறுப்பு துணைத் தலைமையாசிரியரிடமும் பாடத்துறைத் தலைவர்களிடமும் முறையாக ஒப்படைக்கப்பட வேண்டும். வடமேற்கு மாகாணத்தில் 2015இல் தொடங்கிய தொடக்க வாசிப்பு ஆய்வு, ஆசிரியர்களை ஓரிடத்தில் கூட்டிப் பயிற்சி கொடுப்பதைவிட, பயிற்றுநர் வகுப்பறைக்கே வந்து உடனிருந்து வழிகாட்டுவது அதிகப் பலன் தருவதைக் காட்டியது. ஆகவே ஒருவர் மற்றவரின் வகுப்பில் அமர்ந்து பார்க்கும் வழக்கத்தை இப்போதே ஏற்படுத்தும்படி தலைமையாசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கற்பிக்கும் முறையை நிர்வாகக் குழு ஆணையிட முடியாது. ஆனால் 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம் பள்ளி நேரத்தையும் வரவுசெலவுத் திட்டத்தையும் கட்டடப் பயன்பாட்டையும் உங்கள் கையில்தான் கொடுத்திருக்கிறது. வாசிப்பு நூல்களுக்கென்று தனித் தொகை ஒதுக்கி, 30 நாள் முன்னறிவிப்புடன் கூட்டப்படும் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் ஒப்புதல் பெறுங்கள். தமிழ் வகுப்புக்கு வகுப்பறை தரப்படுவதையும் எழுத்துத் தீர்மானமாக்குங்கள். இன்று அது தலைமையாசிரியரின் வாய்மொழி அனுமதியில் நடந்துகொண்டிருந்தால், புதியவர் ஒரே சொல்லில் அதை நிறுத்திவிடலாம்.

இனி உங்களை அணுகிய அந்த மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அவரோடு ஒரு சொல்லும் பேசாதீர்கள். நிர்வாகக் குழு பரிந்துரை மட்டுமே செய்கிறது. குறைந்தது மூன்று பெயர்களை விருப்ப வரிசையில் நீங்கள் அனுப்பினால், மாகாணக் கல்வித் துறைத் தலைவர் அந்த வரிசையைப் பொருட்படுத்தாமல் பட்டியலிலுள்ள தகுதியான எவரையும் நியமிக்கலாம். அப்படியிருக்க, "இன்னாரைக் கொண்டுவருகிறேன்" என்று உறுதி சொல்பவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது உள்ளே யாருக்கோ பணம் கொடுக்கப் போகிறார். பதவிகள் விலைபோவதைப் பற்றிப் பேராசிரியர் ஜான் வோல்மிங்க் தலைமையில் கல்வி அமைச்சர் அமைத்த விசாரணைக் குழு 2016இல் விரிவான அறிக்கையே அளித்திருக்கிறது. அதன் பிறகும் இப்படிப்பட்டவர்கள் கூச்சமில்லாமல் பெற்றோரின் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். பணம் கொடுத்து நாற்காலியில் அமர்ந்தவர் முதலில் அந்தப் பணத்தை மீட்கத்தான் பார்ப்பார். பிள்ளைகளின் வாசிப்பு அவர் கண்ணில் படாது. குழு உறுப்பினராக இருப்பதற்கு நீங்கள் ஊதியம் வாங்குவதே சட்டப்படி கூடாது. பரிசு, நன்கொடை, பள்ளிக்கு உதவி என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது லஞ்சமே. அவர் வந்த நாளையும் சொன்ன சொற்களையும் எழுதிவைத்து, குழுத் தலைவரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். விண்ணப்பித்தவர்களில் எவராவது ஓர் உறுப்பினருக்கு உறவினராக இருந்தால், அந்த விவாதம் முடியும் வரை அந்த உறுப்பினர் கூட்ட அறையைவிட்டு வெளியேற வேண்டும். நேர்காணலில் அமரும் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் பார்வையாளர்கள் மட்டுமே; மதிப்பெண் போடுவது அவர்கள் வேலையன்று.

உங்கள் பரிந்துரை உரிமைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதில்தான் பல குழுக்கள் தோற்கின்றன. துறை பரிந்துரை கேட்ட நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நீங்கள் அதை அனுப்பாவிட்டால், உங்கள் பரிந்துரை இல்லாமலேயே துறைத் தலைவர் ஒருவரை நியமிக்கலாம். நேர்காணலிலிருந்தோ பதவி காலியான நாளிலிருந்தோ இந்தக் காலத்தைக் கணக்கிடாதீர்கள். துறை உங்களிடம் கேட்ட நாளே கணக்கு. அந்தக் கடிதம் அலுவலக மேசையில் மூன்று வாரம் கிடந்தால், அந்த மூன்று வாரமும் உங்களுடையதிலிருந்துதான் கழியும். எனவே கடிதம் வந்த அன்றே தேதியிட்டுக் குறிப்பேட்டில் பதியும்படி பள்ளிச் செயலரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். நேர்காணல் குழுவில் யார் யார், எந்த நாளில் கூடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பள்ளி விடுமுறை குறுக்கிட்டாலும் இரண்டு மாதம் நீளும் என்று நம்பியிருக்காதீர்கள். அனுப்பிய பரிந்துரைக்குக் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒப்புகைப் படியை வாங்காமல் துறை அலுவலகத்தைவிட்டு வெளியே வராதீர்கள். குழு காலம் தாழ்த்த வேண்டுமென்று வேலை செய்யும் இடைத்தரகர்களும் உண்டு. நேர்காணலை ஒத்திவைக்க யாராவது மீண்டும் மீண்டும் காரணம் சொன்னால், காரணத்தைவிடச் சொல்பவரைக் கவனியுங்கள்.

ஒருவர் எந்த நாளில் ஓய்வுபெறுவார் என்பது துறைக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். அப்படியிருந்தும் நாற்காலி காலியான பிறகே கோப்பு அசைகிறது, பொறுப்புத் தலைமையாசிரியரை வைத்தே மாதங்கள் கழிகின்றன, பெற்றோர் கேட்டால் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். இது எனக்குக் கோபத்தையே தருகிறது. அந்த இடைவெளியில்தான் நல்ல வழக்கங்கள் உதிர்கின்றன. ஆகவே உங்கள் அடுத்த கூட்டத்திலேயே, காலியாகப் போகும் பதவியை எப்போது விளம்பரப்படுத்துவீர்கள் என்று துறைக்கு எழுத்தில் கேட்கத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அதே கூட்டத்தில், இடைக்காலத்தில் வாசிப்பு நேரத்தை நடத்தப் போகிறவர் யார் என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு, அந்தப் பெயரையும் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள்.